தேன் உண்ணாத தேனக்கா

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு வெயில், மழை என்னும் வேறுபாடு தெரிவதில்லை. வெளியே எந்தப் பருவமானாலும் உள்ளே ஒரே வெக்கை, ஒரே ஈரம். மேல் மாடிகளிலிருந்து தள்ளுவண்டிகளில் வந்து குவியும் படுக்கை விரிப்புகளைக் கறை பட்டவை, படாதவை எனப் பிரித்து, பெரிய எந்திரங்களில் இட்டுத் துவைத்து, சுழற்றிப் பிழிந்து, சூடான உருளைகளுக்கிடையே தேய்த்து, மடித்து, மீண்டும் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பியவையே மறுநாள் திரும்பி வரும். இந்த வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லை என்பதை முதல் வாரத்திலேயே புரிந்துகொள்பவர்கள் அங்கே நிலைப்பார்கள், புரியாதவர்கள் ஓடிவிடுவார்கள். தேனக்கா நிலைத்தவர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் சலவைக்கூடத்திலும், குடியிருந்த அடுக்குமாடியிலும், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள சிறிய கோயிலிலும் அவர் தேனக்காதான். மொட்டை மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்ததால் வந்த பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய நாக்கில் தேன் பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"இனிப்புக் கடைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி வந்த கதைதான் உன் கதை," என்பாள் விரிப்புகளை மடிக்கும் தோழி. "மருந்துக்காவது ஒரு சொட்டு நக்கிப் பாரேன்க்கா. தொண்டை எப்படிக் கம்மிக் கெடக்கு!"

"வெந்நீர் குடிச்சாலும் தொண்டை சரியாயிடும்டி."

"ஆமா, வெந்நீருக்கு இங்க என்ன பஞ்சம்!" என்று அவள் ஆவி பறக்கும் கூடத்தைக் கை காட்டுவாள். இந்த உரையாடல் மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். இருவருக்கும் சிரிப்பு வருவது நின்று நெடுங்காலமாயிற்று, ஆனாலும் சொல்லிக்கொள்வார்கள்.

தேனக்கா தேனை விட்டதற்குக் காரணம் ஒரு கிண்ணம். அவருடைய கணவர் அந்த அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டாரையும் தொட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ஒருமுறை மாடித் தொட்டியின் அடியில் தேனீக்கள் கூடு கட்டின. குழந்தைகளைக் கொட்டிவிடும் என்று குடியிருந்தவர்கள் பயந்தார்கள். எரித்துவிடும்படி குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொன்னார். கணவர் ஒரு கழியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, சொன்னதைச் செய்தார். மறுநாள் காலையில் துணி உலர்த்தப் போன தேனக்கா, தொட்டியடியில் கிடந்தவற்றைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். முறம் நிறைந்தது. சில இன்னும் கால்களை அசைத்துக்கொண்டிருந்தன.

கூட்டில் தப்பிய தேனைப் பங்கு போட்டாயிற்று என்பது கீழே இறங்கி வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. எரிக்கச் சொன்ன வீடுகளிலிருந்தே கிண்ணங்கள் வந்திருந்தன. தம் வீட்டுப் பங்கைக் கணவர் சாமி விளக்கின் முன் வைத்திருந்தார். அந்தக் கிண்ணத்தில் ஓர் இறகு மிதந்தது. சாமிக்குப் படைத்ததைக் கொட்டவும் தேனக்காவுக்கு மனம் வரவில்லை. உண்ணவும் மனம் வரவில்லை. கடைசியில் செடித்தொட்டியில் ஊற்றி மண்ணைப் போட்டு மூடினார். அன்றிலிருந்து அவர் தேனைத் தொட்டதுண்டு, உண்டதில்லை.

அடுத்த பூக்காலத்தில் வேறொரு கூட்டம் வந்து மாடியில் கிடந்த பழைய மரப்பெட்டியில் தொங்கியது. இந்த முறை செயலாளர் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். ஊருக்கு வெளியே பழத்தோட்டத்தில் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டு, முறையான பெட்டி செய்து, அவற்றைக் குடியேற்றினார்; கூட்டம் பெருகியதும் இரண்டாவது பெட்டியும் செய்தார். செயலாளருக்குத் தேன் தருவதாகச் சொல்லி வாயை அடைத்தார். செய்ததற்குப் பரிகாரம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திறந்தார். பின்னர் ஒரு நாள் மோட்டார் அறையிலேயே மாரடைப்பால் சாய்ந்து போனார். அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்ட தேனக்காவால் பெட்டிகளைக் கொடுக்க முடியவில்லை.

அவர் தமக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டார். மேலடுக்கில் மிஞ்சியதைத்தான் எடுப்பார். கீழடுக்கில் புழுக்கள் வளரும் அறைகளையும் அவற்றுக்கான உணவையும் தொடமாட்டார். தேனடையைப் பிழியமாட்டார். சலவை எந்திரம் துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிப்பதுபோலவே, கையால் சுற்றும் ஒரு சிறிய பீப்பாய் அடை கட்டிய மரச் சட்டங்களைச் சுழற்றித் தேனைப் பிரித்துவிடும். அடை உடையாமல் தேனீக்களிடம் திரும்பிப் போகும். மழைக்காலத்தில் எடுப்பதே இல்லை. பூ இல்லாத காலத்தில் பெட்டிக்குள் இருப்பது அவற்றின் சோறு.

இப்படி எடுத்ததில் ஒரு சிறு குப்பியைக் கோயிலுக்குத் தந்து வந்தார். தினமும் அபிஷேகத்துக்குப் பால், தயிர், நெய், சர்க்கரை ஆகியவற்றோடு தேனும் வேண்டும். முன்பெல்லாம் கடையில் வாங்கிய தேனைத்தான் குருக்கள் துணியில் வடிகட்டுவார். துணியில் கால்களும் இறகுகளும் தங்கும். தேனக்காவின் குப்பி வந்த பிறகு வடிகட்டும் துணிக்கு வேலை இல்லாமற்போயிற்று.

"நீங்க சாப்பிடாத பொருளைச் சாமிக்குத் தர்றீங்களேம்மா, இது என்ன நியாயம்?" என்று குருக்கள் ஒருமுறை கேட்டார்.

"சாமிக்குப் பசிக்காதுங்களே. அதனால கொஞ்சம் போதும். எனக்குன்னா வயிறு இருக்கு, ஆசை இருக்கு. எடுக்க ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன்."

குருக்கள் மூட்டு வலிக்காரர். காலை மெல்ல நீட்டிக்கொண்டு, "ஒரு கரண்டி போதும்," என்றார். ஒரு கரண்டியிலேயே ஆண்டுகள் கழிந்தன.

அந்தக் கணக்கைக் கலைத்தது மகளின் வேண்டுதல்.

தேனக்காவின் மருமகன் சரக்கு லாரி ஓட்டுபவர். ஒரு விடியற்காலையில் எதிரே வந்த வண்டி மோதி, தொடையெலும்பு முறிந்து, மாமியார் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுவரப்பட்டார். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தேனக்கா அழுக்குத் துணி வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அவளருகில் நின்றார். அப்போதுதான் மகள் கண்களை மூடிக்கொண்டு சொன்னாள்: "அவர் எழுந்து நடந்துட்டா, எங்கம்மா வளர்க்கற தேனால உனக்கு ஒரு செம்பு நெறைய அபிஷேகம் பண்றேன், சாமி."

ஒரு செம்பு என்று காதில் விழுந்தபோதே தேனக்காவின் மனம் மேலடுக்கில் இருப்பதைக் கணக்கிட்டது. ஆனால் பெற்ற மகள் அழும்போது அளவு பேசுகிற தாய் உண்டா? அவர் வாயைத் திறக்கவில்லை.

மருமகன் எழுந்தார், கைத்தடியோடு நடந்தார். நடக்கத் தொடங்கியதும் பேச்சும் திரும்பிவிட்டது. எலும்பில் வைத்த தகட்டை எடுப்பதற்கு மருத்துவர்கள் நாள் குறித்தார்கள். அது மழைக்காலத்தின் நடுவில் வந்தது. வேண்டுதலை முடிக்காமல் அவரை மீண்டும் அந்த அறைக்குள் அனுப்பமாட்டேன் என்று மகள் தாயின் சமையலறையில் வந்து நின்றாள். கூடவே மருமகனும் வந்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இப்ப எடுக்கக்கூடாதுடி. மழை விட்டுப் பூ வரட்டும். ஒரு செம்பு என்ன, ரெண்டு செம்பு தரேன்."

"பூ வர்ற வரைக்கும் ஆபரேஷன் நிக்குமா? டாக்டர் கிட்ட போய், எங்கம்மா வீட்டுப் பூச்சிக்குப் பசிக்கும், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லவா?"

"கடைத் தேன் வாங்கி..."

"நான் கடைத் தேன்னா வேண்டிக்கிட்டேன்? நீ பக்கத்துலதானே நின்னே? அப்பவே சொல்லியிருக்கலாம்ல, தர மாட்டேன்னு?"

மருமகன் இடையில் புகுந்தார். "அத்தை, நானும் ரொம்ப யோசிச்சேன். பால் கறக்கும்போது கன்னுக்குட்டிகிட்டக் கேட்டுட்டா கறக்கறோம்? பூப்பறிக்கும்போது செடிகிட்ட? கணக்குப் பார்த்தா சாமிக்குத் தண்ணிதான் மிஞ்சும். அதுலயும் மீன் இருக்கும்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மகள்.

"சும்மாதானேடி இருக்கேன், இத்தனை மாசமா."

மகள் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கிப்போயிற்று. "அம்மா, எனக்கு பயமா இருக்கு. அவரைத் திரும்பவும் அந்தக் கதவுக்குள்ள தள்ளிட்டுப் போவாங்க. நான் வெளிய உட்கார்ந்திருப்பேன். கடன் வெச்சுக்கிட்டு எப்படிம்மா உட்காருவேன்?"

தேனக்கா பாத்திரத்தைத் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு, "எடுத்துத் தரேன்," என்றார்.

அந்த வாரம் அவருக்குப் பிற்பகல் முறை வேலை. மாலையில் பெட்டியைத் திறக்க வழியில்லை. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு நண்பகலில், வேலைக்குப் புறப்படுமுன், அவர் மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இருந்தது வலுவான பெட்டி. மாடிப்படியின் ஓரத்தில் இருந்தது மெலிந்த பெட்டி. மெலிந்ததில் கை வைக்க அவரால் ஆகாது. வலுவான பெட்டியின் சட்டங்களை எடுத்து, ஒட்டியிருந்த தேனீக்களை மெல்ல இறகால் வருடி இறக்கிவிட்டு, சட்டங்களைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். சூடான கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, பீப்பாயில் சுழற்றினார். செம்பு நிறைந்தது. கீழே வரும்போது கைக்குழந்தையைத் தூக்கியதுபோல் கனத்த சட்டங்கள், திரும்பப் போகும்போது காகிதம்போல் இருந்தன.

அந்தக் கனமின்மைதான் அவரைத் தடுமாறச் செய்தது. வெறும் சட்டங்களை உள்ளே வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போக அவரால் முடியவில்லை. இரவு முழுவதும் இவை பட்டினி கிடக்க வேண்டுமா? சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோனார். தேனீக்கள் மூழ்காதபடி குச்சிகளை மிதக்கவிட்டு இரண்டு பெட்டிகளுக்குள்ளும் தட்டு வைத்தார். அவசரத்தில் பாகு தரையில் சிந்தியது. மிஞ்சியதை, வெளியே பறந்துகொண்டிருந்தவையும் குடிக்கட்டும் என்று பெட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

பூ இல்லாத காலத்தில் இனிப்பை வெளியே காட்டக்கூடாது. ஊட்டுவதானாலும் பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்ட வேண்டும். இது தேனீ வளர்ப்பவர்களின் பாலபாடம். கணவர் அவருக்கு முதலில் சொன்னதே இதுதான். தேனக்கா அதை மறக்கவில்லை. அவருடைய இரக்கம் பொழுது பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கீழே தலைவாரிக்கொண்டிருந்தபோது அந்த ஒலி கேட்டது. அது தேனீக்களின் வழக்கமான முரலல் இல்லை. தகரத்தின்மேல் மணலை வாரி இறைப்பதுபோன்ற ஒலி. சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு ஓடினார். சோற்றைப் பறிகொடுத்த வலுவான பெட்டி, சிந்திய பாகின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த பெட்டிக்குள் புகுந்துவிட்டிருந்தது. வாசற்பலகையில் ஒன்றையொன்று கட்டிப் புரண்டு கொத்துக்கொத்தாகக் கீழே விழுந்தன. உள்ளிருந்து மெழுகுத் துகள் உதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்காரி கொள்ளையடித்தாள்; பெட்டி கொள்ளைக்குப் புறப்பட்டது.

மருத்துவமனையில் கழித்துவிட்ட பழைய விரிப்பு ஒன்று கொடியில் கிடந்தது. அதை வாளித் தண்ணீரில் முக்கி மெலிந்த பெட்டியின்மேல் போர்த்தினார். ஈரத் துணியைத் தாண்டி உள்ளே நுழைய முடியாமல், வந்தவை துணியின்மேல் மோதின. அவர் கைகளிலும் கழுத்திலும் கொட்டின. துணி காயக் காயத் தண்ணீரை ஊற்றினார். தரையைத் தேய்த்துக் கழுவினார். தட்டுகளை எடுத்து மூடினார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் ஈர விரிப்புகளோடு கழித்தவர், அன்றைய பொழுதையும் ஓர் ஈர விரிப்போடுதான் கழித்தார்.

பொழுது சாய்ந்து, வந்தவை தம் பெட்டிக்குத் திரும்பிய பிறகு, துணியை விலக்கிப் பார்த்தார். மெலிந்த பெட்டியில் ராணியைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு மிஞ்சியிருந்தது. மற்றவை தரையில் கிடந்தன. துடைப்பத்தை எடுத்தார், முறத்தையும் எடுத்தார். கூட்டி அள்ளும்போது, இதை முன்பொருமுறை செய்திருக்கிறோமே என்று கை நினைவுபடுத்தியது. அன்று எரித்தது அச்சம். இன்று செய்தது என்ன என்று அவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அப்போது எரிப்பதற்கு ஒரு செயலாளராவது உத்தரவிட்டார்.

சமையலறைக்கு வந்து விளக்கைப் போட்டபோது மேடைமேல் செம்பு இருந்தது. நிறைந்து, பொன்னிறமாக, ஓர் இறகுகூட இல்லாமல்.

மறுநாள் காலையில் அவர் குருக்களைப் பார்க்கப் போனார். பூசைச் சாமான்கள் வைக்கும் சிறிய அறையில், நெய்த் தகரத்துக்கும் திரிக்கட்டுகளுக்கும் நடுவே குருக்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கை இப்படி வீங்கியிருக்கு!"

தேனக்கா நடந்ததைச் சொன்னார். குருக்கள் தைலப் புட்டியை மூடாமலேயே கேட்டார்.

"சரி... தேன் இருக்கா?"

"இருக்குங்க. ஆனா தர மாட்டேன். அதைச் சாமி தலையில ஊத்த எனக்குக் கை வராது. என் பொண்ணுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"தர மாட்டீங்க," என்றார் குருக்கள், கோபமில்லாமல். "அப்ப அட்சதை போட்டுக்கலாம்."

தேனக்காவுக்கு விளங்கவில்லை.

"எந்தப் பொருள் இல்லையோ, அதை மனசுல நினைச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா அட்சதை போடறதும் முறைதாம்மா. பால் வர நேரமானா அட்சதை. வஸ்திரம் இல்லைன்னா அட்சதை. தினமும் ஏதாவது ஒண்ணு இல்லாமத்தான் பூஜை நடக்குது. மந்திரத்துல நான் சொல்லிட்டேதான் இருக்கேன்."

"எங்களுக்குப் புரியாதுங்களே."

"புரியாது. யாரும் கேக்கறதும் இல்ல."

"போன வாரம் வந்து கேட்டிருந்தா..."

"சொல்லியிருப்பேன்."

குருக்கள் தைலப் புட்டியை மூடினார். பிறகு தேனக்கா கேட்டார்: "அப்ப இத்தனை வருஷமா நான் கொண்டுவந்ததுகூட வேண்டியதில்லையா?"

குருக்கள் பெருமூச்சு விட்டார். "வேணும்னு சொல்லியிருக்கு. இல்லைன்னா பரவாயில்லைன்னும் சொல்லியிருக்கு. ரெண்டையும் நான் ஒரே வாயால சொல்றேன். இதுக்கு மேல என்கிட்ட என்னம்மா கேக்கறீங்க? எனக்கு முட்டி வலிக்குது."

அங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போனார். நடந்ததையும் குருக்கள் சொன்ன அட்சதையையும் பற்றிச் சொன்னதும் மகள் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அரிசியா? ஒரு பிடி அரிசியா? நான் என்ன பிச்சையா போடறேன்?"

"ஒரு பெட்டி கிட்டத்தட்ட போயிடுச்சுடி. மிச்சம் இருக்கறதுக்குச் சோறு இல்ல."

"சக்கரைத் தண்ணி ஊத்துவியே, அதை ஊத்து. செத்தது செத்ததுதானே? இப்ப தேனைச் சாமிக்கு ஊத்தாம வெச்சுக்கிட்டா உயிர் திரும்பி வந்துடுமா?"

அதுவும் நியாயமான கேள்விதான். தேனக்கா அதை மறுக்கவில்லை. "வராது. ஆனா அதுங்க சேர்த்து வெச்ச சோறு என் அடுப்படியில இருக்கு. அதை வெச்சுக்கிட்டு நான் சக்கரைத் தண்ணிய நீட்டறேன். எப்படிடி முடியும்?"

"என்னைவிட அதுங்கதான் உனக்குப் பெரிசு."

"அப்படி இல்லடி."

"அப்படித்தான்," என்று மகள் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து மருமகனின் குரல் கேட்டது: "அத்தை, காபி குடிச்சிட்டுப் போங்க!" கதவு திறக்கவில்லை.

அன்று முதல் பிற்பகல் முறையை விடியற்காலை முறையாக மாற்றிக்கொண்டார். மாலைதோறும், பொழுது சாய்ந்த பிறகு, செம்பிலிருந்து சிறிது எடுத்து இரண்டு பெட்டிகளுக்குள்ளும் சிந்தாமல் வைத்தார். மெலிந்த பெட்டியின் வாசலை ஒரு தேனீ மட்டும் நுழையும்படி துணியால் அடைத்துவைத்தார். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார். வீங்கிய கையால் ஈர விரிப்புகளை இழுக்க முடியாதபோது, தோழி கனமான முனையைத் தான் பிடித்துக்கொண்டு, "உன் தேனீ உனக்கே பரிசு குடுத்திருக்கு பாரு," என்றாள். தேனக்கா தலையசைத்தார். தூக்கம் அவரை எங்கே கண்டாலும் பிடித்துக்கொண்டது. பேருந்தில், துணிக்குவியலின்மேல், ஒருமுறை நின்றபடியேகூட.

அபிஷேக நாளன்று வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வந்தார். மகளும் மருமகனும் முன்பே வந்திருந்தார்கள். மகளின் கைப்பையில் கடையில் வாங்கிய தேன்புட்டி இருந்தது; தாயின் கண்ணில் படும்படி அதன் கழுத்து வெளியே தெரிந்தது. தேனக்கா சுவரோரமாகக் காலை மடித்து உட்கார்ந்தார். குருக்கள் மணியடித்துப் பாலை எடுத்தார். தயிர் முடிவதற்குள் தேனக்காவின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. வாய் சற்றே திறந்திருந்தது. வீங்கிய கை மடியில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் மடங்காமல் புடைத்திருந்தன. வளையல் ஒன்றைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்த தடம் மணிக்கட்டில் சிவந்திருந்தது.

நெய் முடிந்தது. குருக்கள் திரும்பி மகளைப் பார்த்தார். "தேன்," என்றார்.

மகள் புட்டியை எடுத்தாள். மூடியில் கை வைத்தாள். அவளுடைய பார்வை சுவரோரம் போயிற்று.

கைத்தடியை ஊன்றி நின்ற மருமகன் அவள் காதருகில் மெல்லச் சொன்னார்: "இந்தாடி, நீ வேண்டிக்கிட்டது உங்கம்மா தேன். கடைத் தேனும் அதுக்குப் பதில்தான். அரிசியும் பதில்தான். ரெண்டுல எந்தப் பதில்னு நீ சொல்லு. கால் என்னுது, எனக்கு ரெண்டும் சம்மதம்."

"சாமி கோவிச்சுக்கிட்டா?"

"என்னைத்தானே ஏற்கெனவே லாரியோட அடிச்சாரு. இனிமே என்ன பெரிசா?"

"வாயைக் கழுவுங்க," என்றாள் அவள். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். குருக்கள் அவசரப்படுத்தவில்லை, அவரும் ஒரு கையால் தூணைப் பிடித்துக் காலுக்கு ஓய்வு கொடுத்தார். பிறகு மகள் புட்டியைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அட்சதையே போடுங்க," என்றாள்.

குருக்கள் தாம் தினமும் சொல்லும் மந்திரத்தைச் சொன்னார். மஞ்சள் கலந்த அரிசியில் கொஞ்சம் அவள் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். தேன் விழுந்திருந்தால் மெல்ல வழிந்து இறங்கியிருக்கும். அரிசி ஒரு நொடியில் விழுந்து முடிந்தது. அடுத்தது சர்க்கரை.

தீபம் காட்டும் மணியொலியில் தேனக்கா விழித்துக்கொண்டார். திடுக்கிட்டு எழ முயன்றார். "தேன் ஆயிடுச்சா?"

மகள் கைப்பையைத் திறந்து காட்டினாள். புட்டியின் மூடியைச் சுற்றியிருந்த தாள் கிழியாமல் இருந்தது. தேனக்கா அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கடையில திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவானா?" என்றார்.

"விடும்மா."

"வீண்தானே?"

"அத்தை, நான் ரொட்டியில தடவிச் சாப்பிடறேன். என்னை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் மருமகன்.

அறுவைச் சிகிச்சை அடுத்த வாரம் நடந்தது. மகள் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்; தேனக்கா துணிவண்டியை நிறுத்திவிட்டு அவளருகில் நின்றார். இருவரும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எப்படி வேண்டுவது என்று இருவருக்குமே அப்போது தெரியவில்லை. தகடு வெளியே வந்தது. மருமகன் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். லாரி ஓட்டுவதற்கு இன்னும் நாளாகும் என்கிறார்கள்.

மெலிந்த பெட்டி பிழைக்கவில்லை. ஒரு மாலையில் தேனக்கா போய்ப் பார்த்தபோது அந்தக் கைப்பிடியளவும் பறந்துபோயிருந்தது. வைத்த தேன் தொடப்படாமல் இருந்தது. கோபித்துக்கொண்டு போயினவா, பிழைப்புத் தேடிப் போயினவா என்று யாரால் சொல்ல முடியும்? செம்பில் மிஞ்சியதை அவர் வலுவான பெட்டிக்கே ஊட்டி முடித்தார். அது திருடிய பெட்டிதான். ஆனால் அதற்குத் திருடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

மழை நின்று மரங்கள் பூத்தபின், மகள் ஒரு நாள் வந்தாள். கையில் கோயிலுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு குப்பி இருந்தது. "குருக்கள் காலி பண்ணிக் குடுத்தாரு. வந்தா நல்லது, வரலைன்னாலும் சரின்னு சொன்னாரு."

"இன்னும் மேலடுக்குல ஒண்ணும் சேரலடி."

"சேரட்டும்," என்றாள் மகள்.

குப்பியைக் கழுவிச் சன்னல் மேடையில் கவிழ்த்துவைத்துவிட்டு, தாய் வேலை உடுப்போடு கட்டிலில் சாய்ந்ததைப் பார்த்து, அவருடைய காலிலிருந்து செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். தேனக்கா அதற்குள் உறங்கிப்போயிருந்தார்.